பாதியை எடுத்துவிட்டால் நஞ்சு பாதியாகுமா?

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்து வடகரையில், கரும்புத் தோட்டங்கள் சூழ்ந்த ஊரொன்றில் நான் மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். புல்வகைக் களைகளை அழிக்கும் ஃபுளூவாசிஃபாப்-பி-பியூட்டைல் என்னும் களைக்கொல்லியை, அறுவடைக்குச் சில வாரங்கள் முன்னதாகச் சிறிய அளவில் கரும்பின்மீது தெளிப்பது இங்கே வழக்கம். நுனி வளர்ச்சி அடங்கித் தண்டில் சர்க்கரை கூடுதலாகச் சேரும். கை அரிப்புக்குக் களிம்பு கேட்டு வந்த தமிழ்ப் பெரியவர் ஒருவரிடம் கையுறை அணிவதுண்டா என்று கேட்டேன். “பெயரிலேயே ‘பி’ இருக்கிறதே அம்மா, கெட்ட பாதியை எடுத்துவிட்டுத்தானே விற்கிறார்கள்?” என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. இக்களைக்கொல்லியின் மூலக்கூறு வலக்கையும் இடக்கையும் போல, ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத இரண்டு ஆடிபிம்ப வடிவங்களில் அமையக்கூடியது; அவற்றை ஆர், எஸ் என்ற எழுத்துகளால் குறிப்பர். ஆர் வடிவமே புல்லைக் கொல்கிறது; எஸ் வடிவத்துக்கு அந்த ஆற்றல் மிகக் குறைவு. முன்பு இரண்டும் சரிபாதியாகக் கலந்து விற்கப்பட்டன. பின்னர் ஆர் வடிவம் மட்டும் ‘பி’ என்ற குறியோடு வந்தது. ஆகவே நீக்கப்பட்டது வேலை செய்யாத பாதியே தவிர, கெட்ட பாதி அன்று.

அந்தப் பாதியும் விலங்கின் உடலுக்குள் சும்மா இருப்பதில்லை என்பதை ஆய்வகத்து எலிகள் காட்டின. இக்களைக்கொல்லி எஸ்டர் என்னும் சேர்ம வகை; உட்சென்றதும் அது விரைவில் சிதைந்து அமிலமாகிறது. எஸ் வடிவ அமிலம் பெரும்பாலும் ஆர் வடிவமாகவே மாறிவிடுகிறது. மறுதிசையில் அம்மாற்றம் குறிப்பிடத்தக்க அளவில் நிகழ்வதில்லை. இதன் நெருங்கிய உறவான ஹாலாக்சிஃபாப் என்னும் களைக்கொல்லியிலும் எலிகளில் இதே போக்குதான் காணப்பட்டது.

மருந்துக்கடைக்காரர்களுக்கு இது பழகிய செய்தி. வலிக்கு நாம் கொடுக்கும் ஐபுபுரோஃபெனில் வேலை செய்யாத ஆர் வடிவத்தின் பெரும்பகுதி, நம் உடலிலேயே வேலை செய்யும் எஸ் வடிவமாகிறது. ஐபுபுரோஃபென் என்ற அமிலம் முதலில், உடலிலுள்ள இணைநொதி ஏ (கோஎன்சைம் ஏ) என்னும் துணை மூலக்கூறோடு பிணைகிறது. அந்நிலையில் நடுக்கார்பனிலுள்ள ஹைட்ரஜன் விலகி மீண்டும் ஒட்டும்போது வடிவம் திரும்பிவிடுகிறது. களைக்கொல்லி அமிலங்களின் மாற்றமும் இவ்வழியாகவே விளக்கப்படுகிறது. ஒன்றில் ஆர் எஸ்ஸாகவும் மற்றதில் எஸ் ஆராகவும் மாறுவது முரணாகத் தோன்றலாம்; பெயரிடும் விதியில் அணுக்கூட்டங்களின் முன்னுரிமை வேறுபடுவதால் எழுத்து மாறுகிறதே தவிர, இட அமைப்பில் இரண்டும் ஒரே திருப்பந்தான்.

எலியில் கண்டது அனைத்தும் மனிதருக்கு அப்படியே பொருந்தாது. ஃபுளூவாசிஃபாப்பைப் பெண் எலி சிறுநீரில் விரைவாக வெளியேற்ற, ஆண் எலியின் உடலில் அது நெடுநேரம் தங்குகிறது. இனம் ஒன்றாக இருந்தும் இத்தனை வேறுபாடு. ஆயினும் வடிவமாற்றத்தைப் பொறுத்தவரை ஒன்று தெளிவு: ஒரு மில்லிகிராம் கலவை உட்சென்றாலும், ஒரு மில்லிகிராம் ‘பி’ உட்சென்றாலும், கல்லீரல் இறுதியில் எதிர்கொள்வது ஏறக்குறைய ஒரே அமிலத்தை, ஒரே அளவில்.

“அப்படியானால் ‘பி’யால் என்னதான் பயன்?” என்று பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி. முழுவதும் வேலை செய்யும் வடிவம் என்பதால் பழைய கலவையில் பாதி அளவே நிலத்துக்குப் போதும். அந்த அளவுக்கு மண்ணுக்கும் மனிதருக்கும் சுமை குறைகிறது. அளவுக் குவளையில் கை தாராளமானால் அந்த நன்மை அங்கேயே போய்விடும். களிம்போடு ஒரு சோடி நைட்ரில் கையுறையும் கொடுத்து, தெளித்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பாட்டைத் தொடுமாறு அவரிடம் சொல்லி அனுப்பினேன்.