எழுத்துக்கு முன்னால் காது

பிறக்கும்போது எந்தக் குழந்தையின் மூளையிலும் படிப்பதற்கென்று ஓர் இடம் கிடையாது. எழுத்து என்ற ஒன்று வந்தே ஏறக்குறைய 5000 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கென்று தனிப் பகுதியை வளர்த்துக்கொள்ள மூளைக்கு அந்தக் காலம் போதாது. அதனால் படிக்கக் கற்கும் பிள்ளை, முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காண உதவும் பார்வைப் பகுதியில் கொஞ்சத்தை எழுத்துக்கு ஒதுக்கிக்கொள்கிறது. இடது மூளையின் அடிப்பக்கம், பின்புறமாக இருக்கிறது அந்த இடம். தமிழ் படித்தாலும் சீனம் படித்தாலும் ஏறக்குறைய அதே இடம்தான்.

ஆனால் கண் பிடித்த வடிவத்தை, காது ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் ஒலியோடும் சொல்லோடும் கோத்தால்தான் அது படிப்பு ஆகும். பள்ளிக்கூடத்துக்கு வரும் பிள்ளை அந்தச் சேமிப்போடுதான் வருகிறது. யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதில்தான் வித்தியாசமே.

ஒரு சின்னச் சோதனை. ‘படம்’ என்ற சொல்லில் ‘ப’வை எடுத்துவிட்டுச் சொல்லு என்றால் ஐந்து வயதுப் பிள்ளைகள் பலர் ‘டம்’ என்று சொல்லிவிடுவார்கள். ‘ப்’ என்ற ஒலியை மட்டும் எடுத்துவிட்டுச் சொல்லு என்றால் முழிப்பார்கள். விடை ‘அடம்’. இந்த மாதிரிக் கேள்விகளை 1979இல் போர்ச்சுகலில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களிடம் கேட்டார்கள். பெரும்பாலும் அவர்களால் முடியவில்லை. வயது வந்தபின் படிக்கக் கற்றவர்களால் முடிந்தது. ஒலியைப் பிரித்துக் கேட்கும் திறன் படிப்புக்கு உதவுகிறது. படிப்பு திரும்ப அந்தத் திறனைக் கூர்மையாக்குகிறது.

தமிழில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. 247 எழுத்துகளை வாய்ப்பாடாக ஒப்பித்துவிட்டால் படிக்க வந்துவிடும் என்றே பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். ‘பம்பரம்’ என்று ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். முதல் ‘ப’வும் இரண்டாவது ‘ப’வும் எழுத்தில் ஒன்று, ஒலியில் வேறு. ‘கல்’, ‘தங்கம்’, ‘மகன்’ மூன்றிலும் ‘க’ மூன்று விதமாக ஒலிக்கிறது. எந்த விதம் என்பதை எழுத்து சொல்லாது. சொல்லில் அது நிற்கும் இடம் பெரும்பாலும் சொல்லும்; ஆனால் புதிதாகப் படிக்கும் பிள்ளைக்கு, அந்தச் சொல்லை முன்பே கேட்டிருக்கும் காதுதான் சட்டென்று சொல்லும். பம்பரம் விட்ட பிள்ளை ஒரு நொடி தடுமாறி, பிறகு சரியாகச் சொல்லிவிடும். கேள்விப்படாத சொல் என்றால் அங்கேயே நின்றுவிடும்.

எழுத்து வடிவம் தரும் சுமையும் கொஞ்சநஞ்சமல்ல. ‘கொ’வில் முதலில் கண்ணில் படுவது கொம்பு; உச்சரிப்பில் அது கடைசியில் வருகிறது. இப்படி உயிர்மெய் அமைப்புக் கொண்ட கன்னடத்தைப் படிக்கும் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக், எழுத்துகள் முழுவதும் கைவர நான்கைந்து வருடங்கள்கூட ஆகின்றன என்று காட்டியிருக்கிறார். ஈரோட்டுக்காரரான பெரியார் 1935இல் தன் குடி அரசு ஏட்டில் னை, லை, றா போன்றவற்றின் தனிச் சுழிகளை விட்டுவிட்டு எழுத்துச் சீர்திருத்தத்தைத் தொடங்கினார். 1978இல் தமிழக அரசு அதை ஏற்றது. இன்றைய முதல் வகுப்புப் பிள்ளை மனப்பாடம் செய்யவேண்டிய வடிவங்கள் அதனால் குறைந்தன. பெரிய உதவி அது.

எழுத்து கைவந்தாலும் பொருள் புரிய வேண்டுமே. 1986இல் கஃப், டன்மர் என்ற இருவர் ஒரு கணக்குச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனையும் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசிப்பு. கூட்டல் அல்ல, பெருக்கல். ஒன்று பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம்.

கொங்குப் பிள்ளைக்கு இங்கேதான் ஒரு மேடு. வீட்டில் “பொழுதோட ஒறம்பரைங்க வந்திருந்தாங்க” என்று கேட்டு வளர்ந்ததற்குப் பாடப்புத்தகம் “மாலையில் விருந்தினர்கள் வந்திருந்தார்கள்” என்கிறது. பேச்சுக்கும் எழுத்துக்கும் இப்படி இடைவெளி உள்ள இன்னொரு மொழி அரபி. இஸ்ரேலில் அரபி பேசும் மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்து நடையிலேயே சில மாதங்கள் கதை வாசித்துக் காட்டினார்கள். 1993இல் வந்த முடிவு: அந்தப் பிள்ளைகள் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் கதை சொல்வதிலும் மற்றவர்களை முந்தினார்கள்.

அதற்காக வீட்டுப் பேச்சைத் திருத்த வேண்டியதே இல்லை. “ஒறம்பரைன்னு சொல்லாதே” என்று அதட்டும் பெரியவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். பிள்ளையிடம் இருக்கும் சொல்லைப் பிடுங்கினால் அதன்மேல் எதை வைப்பது? புத்தகத்தை அதன் நடையிலேயே வாசித்துக் காட்டி, நம் பேச்சில் விளக்கிச் சொன்னால் போதும். உடுக்கையடித்து இரவிரவாக அண்ணன்மார் கதை பாடிய காலத்தில், ஆத்தா மடியில் தூங்கி விழுந்தபடி கேட்ட பிள்ளைகளுக்கு வீட்டில் புழங்காத சொற்களும் நீண்ட கதைப்போக்கும் தானாகவே காதில் ஏறின. ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவில் வாங்கிவரும் கதைப் புத்தகத்தையும் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நகராமல் கூட உட்கார்ந்து வாசியுங்கள்.

முன்னறிவும் இதில் சேரும். பேஸ்பால் பற்றிய ஒரு பத்தியை வைத்து 1988இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், அந்த ஆட்டம் தெரிந்த ‘மோசமான’ வாசகர்கள், ஆட்டம் தெரியாத ‘நல்ல’ வாசகர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். செவலையாகப் பிறந்த காங்கயம் கன்று ஆறு மாதத்தில் நிறம் மாறியது என்று ஒரு பாடத்தில் வந்தால், அப்பாருவோடு கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போய்வந்த பிள்ளை அந்த வரியில் நிற்காமல் போய்விடும்.

இனி, நம் பகுதியில் யாரும் அதிகம் பேசாத ஒன்று: சத்தம். சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் பல வீடுகளில் தறிக் குடோனும் வீடும் ஒரே சுவரைப் பகிர்கின்றன. விசைத்தறிச் சத்தம் 90 டெசிபெலை எளிதாகத் தாண்டும். தொட்டில் ஆடுவதே அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான். “பழகிப்போச்சுங்க, பசங்க நல்லாத் தூங்குறாங்க” என்பார்கள். அந்தப் பழக்கம்தான் எனக்குக் கவலை. விடாத சத்தத்தில் வளரும் மூளை, ஒலிகளைக் கண்டுகொள்ளாமல் விடக் கற்றுக்கொள்கிறது. அப்படி விடும்போது பேச்சின் நுணுக்கங்களும் கூடவே போய்விடுகின்றன.

இதற்குச் சான்று நியூயார்க்கிலிருந்து வந்தது. நெடுஞ்சாலைக்கு மேலே கட்டிய அடுக்கு வீடுகளில், சத்தம் அதிகமான கீழ்த்தளப் பிள்ளைகளுக்கு ஒலி நெருக்கமான சொற்களைப் பிரித்தறிவது கடினமாக இருந்தது, வாசிப்பும் பின்தங்கியிருந்தது. 1973இல் வெளியான ஆய்வு அது. இரண்டு வருடம் கழித்து, ரயில் பாதையை ஒட்டிய ஒரு பள்ளியை ஆராய்ந்தார்கள். பாதைப் பக்கம் இருந்த வகுப்பறைகளில் படித்தவர்கள் ஆறாம் வகுப்புக்கு வரும்போது, அமைதியான பக்கத்தில் படித்தவர்களைவிட வாசிப்பில் கிட்டத்தட்ட ஒரு வருடம் பின்தங்கியிருந்தார்கள். அப்புறம் தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் வைத்தார்கள், வகுப்பறைக் கூரைக்குச் சத்தம் உறிஞ்சும் பலகை போட்டார்கள். 1981இல் மறுபடி பார்த்தபோது இரண்டு பக்கமும் ஒரே நிலைக்கு வந்திருந்தது.

ரப்பரும் பலகையும் நம் ஊரிலும் கிடைப்பவைதான். தறி ஓடும் தெருவில் அங்கன்வாடிக்கு இடம் பார்ப்பவர்கள், சுவரில் படம் வரைவதற்கு முன்னால், ஷிப்ட் ஓடும் நேரத்தில் அந்த அறையில் உட்கார்ந்து, டீச்சர் சொல்லும் சொல் கடைசி வரிசைக்குக் கேட்கிறதா என்று பார்க்கட்டும். தறி வீட்டுக்காரர்கள் தொட்டிலையும் பிள்ளை படிக்கும் இடத்தையும் குடோன் சுவரிலிருந்து தள்ளி, எதிர்ப்பக்க அறைக்கு மாற்றலாம். கதை சொல்வதைத் தறி நிற்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.