நிறத்தை வைத்துப் பூர்வீகம் கண்டுபிடிப்பது

மே மாதம் நடுவில், நிலா இல்லாத இரவு பத்து மணி வாக்கில் தருமபுரி வத்தல்மலை மேலே நின்று நேர் தெற்கே பாருங்கள். அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில், புகை படிந்த மாதிரி மங்கலாக ஒரு புள்ளி தெரியும். பைனாகுலர் இருந்தால் இன்னும் நல்லது. அதுதான் ஒமேகா சென்டாரி. சுமார் 17,000 ஒளி ஆண்டு தொலைவில், ஒரு கோடி நட்சத்திரங்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் கொத்து. அதன் பூர்வீகம் நம் பால்வெளி மண்டலமே இல்லை என்று வானியலாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

அங்கே போகாமல் இதை எப்படிச் சொல்ல முடிகிறது? ஒளியை அளந்துதான். கொத்தை நீல ஃபில்டர் போட்டு ஒருமுறை, சிவப்பு ஃபில்டர் போட்டு ஒருமுறை படம் எடுப்பார்கள். ஊத்தங்கரைக்கு வடகிழக்கே, ஜவ்வாது மலைக் காவலூரில் 1986 முதல் இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியில்கூட இப்படி அளக்கலாம். இரண்டு படங்களிலும் ஒரு நட்சத்திரத்தின் பிரகாசம் எவ்வளவு மாறுகிறதோ, அதுதான் அதன் நிறம். சூடானது நீலமாக இருக்கும், சூடு குறைந்தது சிவப்பாக இருக்கும்.

நிறத்தைக் குறுக்கேயும் பிரகாசத்தை நெடுக்கேயும் வைத்துப் புள்ளி குத்தினால், நட்சத்திரங்கள் ஒரு கோடு பிடித்து நிற்கின்றன. ஓரிடத்தில் அந்தக் கோடு சிவப்புப் பக்கம் திரும்பிவிடும். எடை கூடிய நட்சத்திரங்கள் எரிபொருளைச் சீக்கிரம் தீர்த்துவிடுவதால், வயது ஏற ஏற அந்தத் திருப்பம் கீழே இறங்கும். அதை வைத்து வயது சொல்லலாம். மேலே உள்ள சிவப்பு ராட்சதர்களின் (வயதாகி ஊதிப் பெருத்த நட்சத்திரங்களின்) கிளை எவ்வளவு சிவப்போ, அவ்வளவு இரும்பு போன்ற கனமான தனிமங்கள் உள்ளே உண்டு. இடையில் இருக்கும் விண்தூசி நீலத்தைக் கூடுதலாக விழுங்கி எல்லாவற்றையும் சிவப்பாகக் காட்டும் என்பதால், அதைக் கழிக்காமல் போட்ட கணக்கை நம்பவே கூடாது.

ஒமேகா சென்டாரியை ஹபிள் தொலைநோக்கி அளந்தபோது ஒரு கோட்டுக்குப் பதில் பல கோடுகள் வந்தன. அதாவது அங்கே பல தலைமுறைகள் இருக்கின்றன. ஒரே சமயத்தில் பிறந்த சாதாரணக் கொத்தில் இப்படி வராது. இந்தக் கொத்து, பால்வெளி விழுங்கிய ஒரு சிறு மண்டலத்தின் நடுப்பகுதி என்று எண்ண இது வலுவான காரணம்.

மற்ற கொத்துகளுக்கு வயதையும் தனிமங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரிய மண்டலத்தில் நட்சத்திரங்கள் மளமளவென்று பிறந்து வெடிப்பதால் கனமான தனிமங்கள் சீக்கிரம் சேர்ந்துவிடும். சிறிய மண்டலத்தில் அது மெதுவாகத்தான் நடக்கும். அதனால் வயது குறைவு, தனிமமும் குறைவு என்றால் அந்தக் கொத்து வெளியூர்க்காரராக இருக்க வாய்ப்பு அதிகம். பாலோமர் 12 என்ற கொத்து அப்படித்தான் பிடிபட்டது. 1994-இல் கண்டுபிடிக்கப்பட்ட தனுசு குறுமண்டலம் என்ற சிறு மண்டலத்திலிருந்து அது வந்தது என்கிறார்கள். 1778-இல் பிரெஞ்சு வானியலாளர் மெஸ்ஸியே கண்ட எம் 54 கொத்தும் அதே குறுமண்டலத்தின் நடுவில்தான் இருக்கிறது. 216 வருடங்களாக அந்தக் கொத்தை நம் பால்வெளியுடையது என்றே எண்ணியிருந்தார்கள்.