கைரேடியோவுக்குள் ஒரு குட்டிக் கணக்குப் புத்தகம்

புளியரையின் எஸ் வளைவு ஏறிக் கோட்டைவாசலைத் தாண்டினால் ஆரியங்காவு. பஸ்ஸில் எளிது. செங்கோட்டையில் நின்றுகொண்டு கையடக்க ஹாம் ரேடியோவில் (உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காகப் பேசும் ரேடியோ) அங்கே பேசுவதுதான் கடினம். 145 மெகாஹெர்ட்ஸ் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். குறுக்கே நிற்கும் மலையைச் சுற்றிக்கொண்டு போகாது. ஐந்து வாட் திறனால் ஆகாத காரியத்தை உயரம்தான் செய்ய வேண்டும். மலைமேல் ஒரு ரிப்பீட்டர் இருந்தால், கேட்டதை அந்த நொடியே திருப்பிச் சொல்லும்.

கேட்கும் அதிர்வெண்ணிலேயே பேசினால் அதன் குரல் அதன் காதையே அடைத்துவிடும். அதனால் 145.600 மெகாஹெர்ட்ஸில் பேசும் ரிப்பீட்டர், வழக்கப்படி 600 கிலோஹெர்ட்ஸ் கீழே, 145.000 இல் கேட்கும். பல ரிப்பீட்டர்களுக்கு ‘டோன்’ வேறு வேண்டும்: 88.5 ஹெர்ட்ஸ் போன்ற ஒரு தாழ்ந்த முனகல் நம் குரலோடு சேர்ந்து போனால்தான் வாய் திறக்கும். இதையெல்லாம் ரேடியோவின் பொத்தான்களில் ஒவ்வொன்றாகப் பதிவது, தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை விழுங்கும் வேலை.

‘சிர்ப்’ என்ற இலவச மென்பொருள் இங்கேதான் உதவுகிறது. ரேடியோவைக் கேபிளால் கணினியோடு இணைத்தால், சேனல்களை ஓர் அட்டவணையாகக் காட்டித் திருத்தவிடும். பலரிடம் இருக்கும் பாவ்ஃபெங் யுவி-5ஆர் ரேடியோவில் 128 சேனல்கள். ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் 16 பைட். முதல் நான்கு பைட்டில் நம் ரேடியோ கேட்கும் அதிர்வெண், அடுத்த நான்கில் அது அனுப்பும் அதிர்வெண், பிறகு டோன்கள். 145.600 என்பது 14560000 என்ற எட்டு இலக்கமாகி, இரண்டிரண்டாக வால் முதல் தலை வரை, ‘00 00 56 14’ என்று எழுதப்படுகிறது. ‘600 கழித்துக்கொள்’ என்ற குறிப்பு அங்கே கிடையாது. கழித்து வந்த விடையான ‘00 00 50 14’ தான் பக்கத்தில் இருக்கும். கழித்தல் கணக்கைக் கணினியே போட்டுவிடுகிறது.

முதலில் ரேடியோவிலிருந்து முழு நினைவகத்தையும் படித்து, ஒரு பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். அதில் சேனல்கள் மட்டுமல்ல, ரேடியோவின் மற்ற அமைப்புகளும் இருக்கின்றன. வேறு ரேடியோவின் கோப்பை அப்படியே ஏற்றுவது வம்பு. அட்டவணையைத் திருத்தித் திரும்ப எழுதும்போது தரவு 16 பைட் துண்டுகளாகப் போகும். ஒவ்வொரு துண்டுக்கும் ரேடியோ ‘வந்தது’ என்று பதில் அனுப்பும்.

மென்பொருள் எந்த எண்ணையும் ஏற்றுக்கொள்ளும், சட்டம் ஏற்காது. இந்திய ஹாம்களுக்கு இந்தப் பட்டையில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரைதான், அதுவும் உரிமத்தோடு. கேட்க மட்டும் வைத்திருக்கும் சேனலில், அட்டவணையின் ‘டியூப்ளெக்ஸ்’ கட்டத்தில் ‘ஆஃப்’ என்று போட்டால், பேசும் பொத்தானைத் தவறி அழுத்தினாலும் அலை கிளம்பாது.

முதல் நாள் என் ரேடியோ பதிலே சொல்லவில்லை. கேபிளுக்கான டிரைவர் மென்பொருளை மூன்று முறை மாற்றினேன். பக்கத்தில் இருந்த நண்பர், “அண்ணாச்சி, கேபிளை நன்றாக அழுத்துங்கள்” என்றார். இரட்டைமுனைச் செருகி அரைக்கால் அங்குலம் வெளியே நின்றிருந்தது. அழுத்தினேன், ‘டக்’ என்றது.