மீனுக்குள் புழுவைக் கண்டால்

தூண்டில் போடுகிறவர்கள் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்கள் அநேகமாக ஒரே மாதிரி: வெட்டின பாரை, குடல் பக்கத்தில் வெள்ளைப் புழு, கீழே “சேர், இதைச் சாப்பிடலாமா?” பொதுச் சுகாதாரப் பரிசோதகராக என் பதில், நன்றாக வேகவைத்தால் சாப்பிடலாம். அருவருப்பாக இருந்தால் எறியுங்கள், அது உங்கள் இஷ்டம், ஆனால் நஞ்சு என்று நினைத்து எறிய வேண்டாம்.

சதைக்குள் சோற்றுப்பருக்கை போலக் கிடப்பது பெரும்பாலும் ஒருவகை நாடாப்புழுவின் குஞ்சு. அது வளர்வது சுறா, திருக்கையின் குடலில். மனிதரிடம் அதற்கு வேலை இல்லை. ஈரல் மேலும் குடல் மேலும் வட்டமாகச் சுருண்டு கிடக்கும் மெல்லிய புழு அனிசாகிஸ். இதைத்தான் கவனிக்க வேண்டும். திமிங்கிலம், டொல்பின் வயிற்றில் முட்டையிட்டு, கூனி போன்ற சிற்றுயிர் வழியாக மீனுக்குள் வருகிறது. திமிங்கிலம் பார்க்க வெளிநாட்டுக்காரர் வரும் திருகோணமலைக் கடலில் அது இல்லாவிட்டால்தான் புதினம்.

மீன் செத்தபின் குடலில் இருக்கும் புழு சதைக்குள் இறங்கும். அதனால் பிடித்த கையோடு குடலை எடுத்துவிடுங்கள். வயிற்றுப் பக்கச் சதையை மெல்லிசாக அரிந்து போன் டோர்ச்சைக் கீழே பிடித்தால் புழு நிழலாகத் தெரியும், கத்தி நுனியால் எடுத்துவிடலாம்.

கனடாவின் மேற்குக் கரையில் இருக்கும் சொந்தக்காரர் ஆற்றில் பிடித்த காட்டுச் சால்மனைப் படம் எடுத்து அனுப்பினாலும் இதே கதைதான். சால்மன் சதையில் பால் போல வடியும் வெள்ளைக் கட்டி ஒன்று உண்டு, ஹென்னெகுயா என்ற நுண்ணிய ஒட்டுண்ணியால் வருவது. ஒட்சிசனைச் சுவாசிக்கும் ஏற்பாடே இல்லாத விலங்கு என்று 2020இல் கண்டறிந்தார்கள், நமக்குக் கெடுதி இல்லை. ஆனால் பசிபிக் சால்மனைப் பச்சையாகத் தின்றால் மனிதக் குடலில் மீற்றர் கணக்கில் நீளும் நாடாப்புழுவும் வரலாம், அனிசாகிசும் வரலாம். அனிசாகிஸ் என்றால் சில மணி நேரத்தில் வயிறு பிடித்துக் குத்தும், கமராக் குழாய் விட்டுப் புழுவை எடுக்க வேண்டி வரும். தேசிக்காய்ப் புளியில் ஊறவைத்தால் செத்துவிடும் என்பதை நம்பாதீர்கள். சாகாது. பச்சையாகத்தான் வேண்டும் என்றால் மைனஸ் 20 பாகை செல்சியசில் 7 நாள் வைக்கச் சொல்கிறது அமெரிக்க உணவு நிர்வாகம், வீட்டுப் பிரீசர் அந்தக் குளிருக்குப் போவது சந்தேகம். நம் கறிச்சட்டியில் அந்தப் பிரச்சினையே இல்லை, உள்ளே 63 பாகை வந்தால் போதும். அனிசாகிஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டும் செத்த புழுவும் ஒத்துக்கொள்ளாது, அவர்கள் வைத்தியரைக் கேட்கட்டும்.

எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். புழு கண்ட நல்ல பாரையை எறிந்துவிட்டு, விடியப் பிடித்த சூரையை மத்தியானம் வரை வள்ளத்துக்குள் வெயிலில் போட்டு எடுத்து வந்து ஆசையாகக் கறி வைக்கிறார்கள். சூடு பட்ட சூரை, அறுக்குளா, பாரையில் பக்டீரியா ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருளை உண்டாக்கும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது, மணத்திலும் பிடிபடாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, வாய் சுணைத்து, உடம்பெல்லாம் கடிக்கும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

போகும்போதே ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் கொண்டுபோங்கள், பிடிக்கப்போகும் மீனின் நிறை அளவுக்கு. அப்படியும் ஏதாவது நடந்து, மூச்சு இழுத்தால் உடனே ஆஸ்பத்திரி. மிச்சக் கறியைக் கொட்டாமல் ஒரு துண்டைப் பிரீசரில் வையுங்கள், கேட்டு வருவோம்.