லீவைத் தின்பது இரண்டாவது வருகை

"தண்ணி மேல ஏறுதில்ல தம்பி, ஒருக்கா வந்து பாருங்க."

வீட்டுத் திருத்த வேலைக்கு எங்களுக்கு வரும் கோல்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும், இதோடேயே முடிந்தும்விடும். இந்த ஒரு வரியை வைத்து மோட்டரில் பிழையா, கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வில் பிழையா, கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டதா, டாங்கி நிரம்பினால் தண்ணீரை அடைக்கும் போல் வால்வு இறுகிவிட்டதா என்று எவராலும் சொல்ல முடியாது. வேலையாள் ஸ்க்ரூ டிரைவரும் டெஸ்டருமாக வருவார், கழற்றிப் பார்ப்பார், "சாமான் எடுக்க வேணும், நாளைக்கு வாறன்" என்று கிளம்புவார். வேலையாள் பார்க்க வீட்டுக்காரருக்கு ஒரு லீவு, பூட்ட இன்னொரு லீவு. வேலையாள் பிந்தி வருவதைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். உண்மையில் லீவைத் தின்பது இந்த இரண்டாவது வருகை.

அந்த லீவும் அளந்துதான் கிடைக்கிறது. அரச அலுவலகத்தில் மாதத்துக்கு இரண்டு குறுகிய லீவு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம். திருகோணமலையில் உப்புவெளியில் இருந்து டவுனுக்கு வேலைக்குப் போகிறவருக்குப் போக்குவரத்திலேயே அதில் ஒரு பங்கு போய்விடும். தனியார் அலுவலகம், கடை என்றால் ஆரம்ப காலம் கழிந்தபின் வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் அமய லீவு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எடுக்க வேண்டிய நாளை குழாய்க்காகச் செலவழிப்பது யாருக்கும் எரிச்சல்தான்.

ஆளைக் கூப்பிட முன் அது யாருடைய வேலை என்று பாருங்கள். மின்மானி வரைக்கும் மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் பொறுப்பு, அதற்கு இப்பால் வீட்டுக்காரருடையது. கரண்ட் இல்லையென்றால் முதலில் பக்கத்து வீட்டைப் பாருங்கள். அங்கேயும் இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பயனில்லை, மின்தடை முறைப்பாட்டு இலக்கமான 1987க்கு எடுங்கள். சில பல்ப் கண் கூசும் அளவுக்கு எரிந்து, சில மங்கி, ஃபேன் வழக்கத்துக்கு மாறாக வேகமாகச் சுழன்றால் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், விட்டுப்போயிருக்கலாம். உடனே மெயின் சுவிச்சைக் கீழே இறக்கிவிட்டு அதே இலக்கத்துக்குச் சொல்லுங்கள். பின்னேரம் பார்ப்போம் என்று விட்டால் ஃப்ரிஜ், டீவி எல்லாம் போய்விடும்.

குழாய் நீருக்கும் இதே கணக்கு. வீட்டில் எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டு நீர்மானியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தால் ஒழுக்கு மானிக்குப் பிறகு, பிளம்பரின் வேலை. மானிக்கு முன்னால், வீதிப் பக்கம் நிலம் ஈரமாக இருந்தால் நீர்வழங்கல் சபைக்கு 1939. ஃபைபர் இணைப்பில் ரவுட்டரில் லொஸ் (LOS) என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுவதில் காலத்தைக் கழிக்காதீர்கள், பிழை லைனில். முறைப்பாடு கொடுத்த பிறகு தெரியாத இலக்கத்திலிருந்து வரும் கோலை எடுங்கள். வரும் வழியில் இருக்கிற தொழில்நுட்பவியலாளராக இருக்கலாம், எடுக்காவிட்டால் அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

கரண்ட் கசிந்தால் தானாகவே வெட்டிவிடும் ட்ரிப் சுவிச் விழுவதுதான் இங்கே அதிகம். கடற்காற்றின் உப்பும் ஐப்பசி, கார்த்திகை மழையும் சேர்ந்தால் கேற் லைட், கிணற்றடி பிளக், வெளிச்சுவர் ஹோல்டர் எல்லாம் உள்ளே பச்சை பூத்துவிடும். விழுந்த சுவிச்சை அடித்து அடித்து ஏற்றாதீர்கள். பக்கத்தில் இருக்கும் சின்ன பிரேக்கர்கள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ட்ரிப் சுவிச்சை ஏற்றுங்கள். நின்றால் பிரேக்கர்களை ஒன்றொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் பிழை. எல்லாம் இறங்கியிருந்தும் விழுகிறதா? வீட்டுப் பிரேக்கர் பெரும்பாலும் லைவ் வயரை மட்டுமே வெட்டும், நியூட்ரல் எர்த்தோடு முட்டினால் பிரேக்கரை இறக்கினாலும் ட்ரிப் விழும். அப்போது எல்லா பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். கேத்தல், ரைஸ் குக்கர், ஃப்ரிஜ், மோட்டர் என்று கழற்றும்போது சுவிச் நின்றுவிட்டால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது, எலக்ட்ரீஷியனே தேவைப்படாமல் போகலாம். சிலர் சுவிச் விழுகிறதே என்று அதைக் கழற்றி நேரடியாக இணைக்கச் சொல்கிறார்கள். 30 மில்லி அம்பியரில் விழும் அந்தச் சுவிச் உயிரைக் காக்க இருப்பது. கேட்டாலும் நல்ல வேலையாள் செய்யமாட்டார்.

மோட்டருக்கு வருவோம். கோலில் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று, சுவிச் போட்டால் என்ன சத்தம் வருகிறது? சத்தமே இல்லாவிட்டால் பிழை கரண்ட் வரும் வழியில், அல்லது வைண்டிங்கில், அதாவது மோட்டருக்குள் இருக்கும் கம்பிச் சுருளில். உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் மோட்டரைச் சுற்றத் தொடக்கிவிடும் கப்பாசிட்டரில் பிழை, அல்லது தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் சக்கரம் இறுகியிருக்கிறது. அப்படியே விட்டால் சிறிது நேரத்தில் வைண்டிங் எரிந்துவிடும், உடனே ஓஃப் பண்ணுங்கள். சுற்றுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை என்றால் ஃபுட் வால்வு, உறிஞ்சு குழாயில் காற்று, அல்லது கிணறு. மோட்டருக்குள் தண்ணீர் ஊற்றி ஓட்டினால் இன்றைக்கு ஏறி, நாளைக்கு மறுபடியும் ஊற்ற வேண்டி வந்தால் அது பெரும்பாலும் ஃபுட் வால்வுதான். வறண்ட கச்சான் காற்றுக் காலத்தில் கிணற்றுத் தண்ணீர் இறங்கும். நிலத்தில் வைத்த சாதாரண மோட்டர் ஏறத்தாழ 7 மீற்றருக்குக் கீழே இருந்து இழுக்கத் திணறும், அங்கே புது வால்வு போட்டும் பலனில்லை.

சத்தத்தைச் சொல்லிவிட்டு மோட்டரில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். குதிரைவலு, குழாய் அளவு அதிலேயே இருக்கும். கப்பாசிட்டர் அளவும் பல லேபிள்களில் உண்டு. வேலையாள் வரும் வழியில் ஹாட்வெயாரில் சாமானை எடுத்துக்கொண்டே வருவார். ஒழுகும் பைப் என்றால் அதன் மேல் அச்சடித்த அளவு தெரியப் படம். அரை இஞ்சிக் குழாயில் 20 மில்லிமீற்றர் என்றும் முக்காலில் 25 என்றும் இருக்கும். "சின்னப் பைப்" என்று சொன்னால் இரண்டுக்கும் சாமான் சுமக்க வேண்டும்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "பதினொரு மணி" என்பது எங்கள் தொழிலில் வாக்குறுதி இல்லை, ஊகம். முன்னைய வீட்டில் ஒரு துருப்பிடித்த நட்டு கழன்று வர மறுத்தாலே அடுத்தடுத்த வீடுகள் எல்லாம் பிந்தும். ஆகவே மணி கேட்காதீர்கள், "நாளைக்கு முதல் வேலை எனக்கு" என்று கேளுங்கள். அது மட்டும்தான் ஓரளவு நம்பக்கூடியது. வெள்ளிக்கிழமை நடுப்பகலில் ஜும்ஆவுக்குப் போகிறவர்களைக் கூப்பிட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். ஏசி சர்வீஸை வெக்கை ஏறமுன், மாசி பங்குனியிலேயே முடித்துவிடுங்கள். அன்றைக்குத் திட்டமிட்ட மின்தடை உண்டா என்றும் முதல்நாளே விசாரியுங்கள், கரண்ட் இல்லாமல் ஏசியை ஓட்டிப் பார்க்க முடியாது.

நீங்கள் வேலையில், வீட்டில் அம்மா மட்டும் என்றால் எவ்வளவு வரைக்கும் செலவழிக்கலாம் என்று அம்மாவிடமும் வேலையாளிடமும் ஒரே தொகையைச் சொல்லிவிட்டுப் போங்கள். கழற்றிய பழைய சாமானை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். டாங்கியிலிருந்து தண்ணீர் வெளியேறும் இடத்தில் வால்வு இருக்கிறதா என்றும் முன்கூட்டியே பாருங்கள். இல்லாவிட்டால் ஆயிரம் லீற்றரையும் வெளியே விட்டுத்தான் குழாயைத் தொட முடியும், ஈரக் குழாயில் பசை பிடிக்காது. அதே வருகையில் ஒரு வால்வும் போட்டுவிடச் சொல்லுங்கள். ஒட்டியபின் குறைந்தது ஒரு மணித்தியாலமாவது தண்ணீர் திறக்கக் கூடாது. பின்னேரம் மூன்று மணிக்கு வேலை என்றால் குசினிக்கும் பாத்ரூமுக்கும் காலையிலேயே இரண்டு வாளி நிரப்பி வைத்துவிட்டுப் போங்கள். பொறுக்க முடியாமல் யாராவது பத்து நிமிடத்தில் திறந்துவிட்டால் அந்த மூட்டு மறுபடி ஒழுகும், இன்னொரு லீவும் போகும்.