ஃப்ளோ: வண்ணம் என்று சொல்லலாமா?

வியாசர்பாடியில் எங்கள் தெரு மாடியில் மாலையானால் நான்கைந்து பையன்கள் கூடுவார்கள். தண்ணீர் கேனைக் கவிழ்த்துப் போட்டு ஒருவன் தட்ட, இன்னொருவன் செல்போனில் எழுதி வைத்த வரிகளைச் சொல்லிப் பார்ப்பான். "லிரிக்ஸ் சூப்பர்டா, ஃப்ளோதான் செட் ஆகல" என்று தீர்ப்பு வரும். இந்த ஃப்ளோ என்றால் என்ன, அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று அங்கே உட்கார்ந்துதான் யோசிக்கத் தொடங்கினேன்.

'ஃப்ளோ' பழைய ஆங்கிலச் சொல். நீர் ஓடுவதைக் குறித்தது. லத்தீனில் இதே பொருளில், ஒலியிலும் நெருக்கமாக 'ஃப்ளுவெரே' என்று ஒரு சொல் உண்டு. ஆனால் இரண்டுக்கும் வேர் வேறு என்கிறார்கள் சொற்பிறப்பு ஆய்வாளர்கள். ஹிப்ஹாப்பில் ஃப்ளோ என்பது, சொற்கள் தாளத்தின் மேல் எங்கே விழுகின்றன, எங்கே நிற்கின்றன, எங்கே மூச்சு விடுகின்றன என்பதன் மொத்தம்.

பலர் 'ஓட்டம்' என்று மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஓட்டம் என்றதும் வேகம் நினைவுக்கு வருகிறது, வேகமோ ஃப்ளோவில் ஒரு வகைதான். 1982-இல் அமெரிக்காவின் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் ராப் குழுவின் 'தி மெசேஜ்' பாட்டு வந்தபோது, அதுவரை வந்த கொண்டாட்டப் பாட்டுகளைவிட அது நிதானமாக நடந்தது. ஏழைக் குடியிருப்பின் அவலம் ஒவ்வொரு சொல்லாக நெஞ்சில் இறங்கியது அந்த நிதானத்தால்தான். அப்புறம் ராக்கிம் என்ற அமெரிக்க ராப் பாடகர் வந்தார், 1987-இல் 'பெய்ட் இன் ஃபுல்' தொகுப்போடு. சாக்ஸபோன் வாசித்துப் பழகிய கை அவருடையது. அடி முடிவில் மட்டும் ஒத்த ஓசை வைக்கும் வழக்கத்தை விட்டு, அடிக்குள்ளேயே ஓசைகளைக் கோத்தார். கருத்தை அடி எல்லையில் நிறுத்தாமல் அடுத்த அடிக்குள் இழுத்துக்கொண்டு போனார். அவரை நான் விரும்பிக் கேட்பதற்குக் காரணமே அந்தத் தாண்டல்தான்.

சரி, இதையெல்லாம் தமிழ் கவனித்திருக்கிறதா? நன்றாகவே கவனித்திருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியலில் வண்ணம் இருபது என்று வருகிறது. வண்ணம் என்றால் அங்கே நிறம் இல்லை, செய்யுளின் ஓசை போகும் விதம். 'ஒழுகு வண்ணம் ஓசையின் ஒழுகும்' என்கிறது நூற்பா. ஃப்ளோவின் நேர்ப்பொருளே அந்த 'ஒழுகு'தான். இன்றைக்குக் கூரை ஒழுகுவதற்கு மட்டும் அந்தச் சொல்லை விட்டுவிட்டோம், ஆனால் ஒழுங்கும் ஒழுக்கமும் அதன் உறவுகள். குறில்கள் உருண்டோடுவது உருட்டு வண்ணம், அடியின் எல்லையைத் தாண்டி ஓடுவது முடுகு வண்ணம். ராக்கிம் செய்தது இந்தக் கடைசி வகைக்கு வெகு அருகில் இருக்கிறது.

அருணகிரிநாதரின் 'முத்தைத்தரு பத்தித் திருநகை'யை 'தத்தத்தன தத்தத் தனதன' என்று வாயால் தட்டிப் பாருங்கள். பொருள் புரியாதவனையும் அது பிடித்து இழுக்கும். அப்படி அமைந்த பாட்டுக்கு வண்ணப்பாடல் என்றுதான் பெயர்.

'நடை' என்று சொல்லலாமே என்று கேட்கலாம். கர்நாடக இசையில் அது தாளத்தின் உட்பிரிவைக் குறிக்கிறது. ஒரு தட்டுக்குள் 'தகிட தகிட' என்று மும்மூன்றாக அடுக்கும் ராப்பைத் திஸ்ர நடை என்றால் அந்த ஒரு வகைக்குப் பொருந்தும். மொத்தத்துக்குமான பெயர் வண்ணம்தான் என்பது என் கட்சி.

தமிழில் ராப் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பழைய கணக்கால் உண்மையான உதவி உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால் 'போச்சு, ஆச்சு' என்று இயைபு, அதாவது அடி முடிவில் ஒத்த ஓசை, சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. அதை மட்டுமே நம்பினால் நான்கு அடியில் காது சலித்துப்போகும். அடியின் தலையில் எதுகை வைத்தால் கதையே வேறு. நம் கானாவில் இரண்டும் கலந்து வரும்போது பாட்டு தாளத்தில் எப்படி உட்காருகிறது பாருங்கள்! 2017-இல் தொடங்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு கானாவையும் ராப்பையும் ஒரே மேடையில் சேர்த்தபோது ஒட்டுப்போட்ட மாதிரி தெரியாததற்கு, இரண்டுமே தாளத்தோடு பேசுகிற கலை என்பது ஒரு காரணம்.

அன்றைக்கு மாடியில் ஒரு பையன் எழுதியிருந்தது இது:

காசிமேட்டுல கரை சேர்ந்த போட்டு
ராசி இருந்தா ரெண்டு கூடை நெத்திலி

காசி, ராசி என்று எதுகை பொருந்தியிருக்கிறது. ஆனாலும் முதல் தட்டிலேயே 'கா'வைப் போட்டு எல்லா எழுத்தையும் ஒரே அளவாகச் சொன்னான். வாய்ப்பாடு ஒப்பிப்பது போல இருந்தது. முதல் தட்டைச் சும்மா விடச் சொன்னேன். தட்டு விழுந்த பிறகு பாட்டு எடுப்பதை நம் இசைக்காரர்கள் அனாகதம் என்பார்கள். காலியாக ஒரு தட்டு, அப்புறம் 'காசிமேட்டுல' நெருக்கமாக, 'கரை' நீண்டு, ஒரு சின்ன மௌனம், கடைசித் தட்டில் 'போட்டு'. கேன் தட்டுகிறவன் தலையாட்டத் தொடங்கினான். அதே சொற்கள்தான், ஓரெழுத்து மாறவில்லை. "இப்ப வண்ணம் வந்துடுச்சாண்ணா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த அடிக்குப் போய்விட்டான்.