அகலப் பலகையில் ரம்பம் ஏன் வழுக்குகிறது?

ஒரு வாசகரின் கேள்வி: பத்து அங்குல அகலமும் ஒரு அங்குலக் கனமும் உள்ள தேக்குப் பலகையைக் கனத்தில் பிளந்து இரண்டாக்க வேண்டும். கைரம்பம் புதிதாகக் கூர் தீட்டியது. இரண்டங்குலம் இறங்கியதும் வழுக்க ஆரம்பித்துவிடுகிறது. மரத்தில் குறையா, ரம்பத்தில் குறையா?

ரம்பத்தில்தான். ஆனால் கூரில் இல்லை, பல்லின் அளவில்.

நார்வாக்கில் அறுக்கும் பல் ஒவ்வொன்றும் ஒரு சிறு உளி என்பது தெரிந்ததே. சீவிய தூள் எங்கே போகிறது என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. பலகைக்குள் இருக்கும்வரை அதற்கு வெளியேற வழியில்லை. பல்லுக்கு முன்னே உள்ள பள்ளத்தில் தங்கி, மறுபக்கம் வரை கூடவே பயணிக்க வேண்டும். பத்து அங்குலம் என்றால் 250 மி.மீ. பயணம்.

ஒரு பல் 0.01 மி.மீ. ஆழம் சீவுகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கவாட்டில் பார்த்தால் 250 × 0.01 = 2.5 சதுர மி.மீ. மரம். தூளானதும் அது சுமார் மூன்று மடங்கு இடம் கேட்கும்: 7.5. அங்குலத்துக்கு 10 பல் உள்ள ரம்பத்தில் முக்கோணப் பள்ளத்தின் பரப்பு ஏறக்குறைய 2.7 சதுர மி.மீ. அங்குலத்துக்கு 5 பல் என்றால் ஏறக்குறைய 11. பல்லின் இடைவெளி இரண்டு மடங்கானால் பள்ளம் நான்கு மடங்காகிறது. இந்தக் கணக்கின் அழகே இதுதான். பொடிப்பல் ரம்பத்தில் பற்கள் அதிகம், ஆளுக்குப் பாதி சீவினால் போதுமே என்று வாதாடலாம். பாதி என்றாலும் 3.75, அப்போதும் இடம் போதாது.

பள்ளம் நிரம்பியதும் பல்முனை மரத்தைத் தொடாது, இறுகிய தூளின்மேல் சறுக்கும். அழுத்தினால் தகடு சூடேறி நெளியும். கையின் அழுத்தமும் பங்குபோகிறது: பொடிப்பல் ரம்பத்தில் ஒரே நேரத்தில் 100 பற்கள் மரத்துக்குள் இருக்கும், பெரும்பல் ரம்பத்தில் 50. போதிய அழுத்தம் கிடைக்காத பல் வெட்டாது, தேய்க்கும். தேக்கில் சிலிகா வேறு இருக்கிறது. தேய்த்த பல் சீக்கிரம் மழுங்கும். வேலை நடுவிலேயே முப்பட்டை அரத்தை எடுக்கத் தயங்கக் கூடாது.

ஆக, அங்குலத்துக்கு 4 அல்லது 5 பல். அதோடு, முழு அகலத்தையும் ஒரே நேரத்தில் அறுக்காமல் இருப்பது. பலகையின் ஒரு முகத்தைச் சமமாக இழைத்து, அதிலிருந்து அளந்து சுற்றிலும் கோடு கீறுங்கள். பலகையை வைஸில் சாய்த்து நிறுத்தி, ஒரு மூலையில் தொடங்குங்கள். மேல்முனைக் கோட்டிலும் உங்கள் பக்க ஓரக் கோட்டிலும் மட்டும் ரம்பம் சரிவாக இறங்கட்டும். இரண்டு மூன்று அங்குலம் இறங்கியதும் பலகையைத் திருப்பி மறு மூலை. நடுவில் எஞ்சும் மேட்டை அறுக்கும்போது தூளின் பயணம் குறைவு. இருபுறமும் ஏற்கெனவே உள்ள வெட்டுகள் ரம்பத்துக்கு வழிகாட்டும். தகட்டை மரம் கவ்வினால் மெல்லிய ஆப்பு ஒன்று போதும். தடித்த ஆப்பு பலகையையே பிளந்துவிடும்.

வெட்டு எப்போதும் ஒரே பக்கம் ஓடுகிறதா? ரம்பப் பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சாய்த்து வைக்கப்பட்டவை; வெட்டு ஓடும் பக்கப் பற்கள் கூடுதலாகச் சாய்ந்திருக்கும். அந்தப் பக்கவாட்டில் மட்டும் சாணைக்கல்லை ஒருமுறை லேசாக இழுங்கள். அகல வெட்டில் ரம்பத்தை முறுக்கித் திருத்த முடியாது; பலகையைத் தலைகீழாக்கி மறுமுனையிலிருந்து வாருங்கள்.

பிளந்தபின் இரண்டு துண்டும் கிண்ணம்போல் வளைந்தால், அறுத்ததைக் குறை சொல்லாதீர்கள். பலகையின் உட்பகுதியில் ஈரம் மிச்சமிருந்திருக்கிறது. புதிய முகம் இப்போது உலர்ந்து சுருங்குவதால் அந்தப் பக்கமே குழிகிறது. அமாவாசையில் வெட்டிய மரம் வளையாது என்பவர்கள் உண்டு. நிலாவை விட்டுவிட்டு ஈரமானியை வாங்கலாம்.

வெட்டுக்கு ஒன்றரை மி.மீ. போனால் துண்டுக்குச் சுமார் 12 மி.மீ. மிஞ்சும். உடனே இழைக்க வேண்டாம். ஒரே கனமுள்ள ரீப்பர் குச்சிகளை இடையிட்டு அடுக்கி, மேலே பாரம் வையுங்கள். வாரம் ஒருமுறை எடை போட்டு, எடை குறைவது நின்றபின் 9 மி.மீ.க்கு இழையுங்கள்.